காது நுனி வெட்டிய பூனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளுக்கு இடது காது நுனி வெட்டப்பட்டிருக்கும். யாரோ கொடுமைப்படுத்திவிட்டதாகச் சிலர் பதறுகிறார்கள். அது கருத்தடை செய்ததற்கான அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவார்கள். கூண்டு வைத்துப் பிடிப்பது, மருத்துவரிடம் கொண்டுபோவது, அப்புறம் அதே இடத்தில் விடுவது எல்லாம் தொண்டூழியர்கள்தான். அதுவும் வேலை முடிந்து வந்த பிறகு, இரவில்.

2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். நல்லது. ஆனால் வளர்த்துச் சலித்தவர்கள் கீழே கொண்டுவந்து விட்டால் பாரம் இந்தத் தொண்டூழியர்கள் தலையில்தான்.

தீனி வைத்த இடத்தை இவர்கள் துடைத்துவிட்டே போகிறார்கள். மீந்த சோற்றையும் மீன் முள்ளையும் தரையில் கொட்டுபவர்கள் வேறு ஆட்கள். கரப்பான் வந்தால் திட்டு மட்டும் தொண்டூழியர்களுக்கு! புகார் கொடுக்கும் முன் கொட்டியது யார் என்று விசாரியுங்கள்.

ஒரு வாசகர்,
தெம்பனிஸ், சிங்கப்பூர்