கூரையைப் பிரிக்கப்போகும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு

குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் வணக்கம்.

கட்டடப் பொருட்களைச் சோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறவன் நான். போன கோடை விடுமுறையில் ஒரு பள்ளியிலிருந்து பார்சல் வந்தது. பிரித்தால் பிஸ்கட் டப்பா. உள்ளே, செய்தித்தாளில் சுற்றிய கூரை ஷீட் துண்டு. சுத்தியலால் தட்டி எடுத்திருக்கிறார்கள். தாளின் மடிப்பெல்லாம் சாம்பல் நிறத் தூள். போன் போட்டு விசாரித்தால், கூரையை ஏற்கெனவே கடப்பாரையால் உடைத்துத் தள்ளியாகிவிட்டதாம். உடைசலை மைதானத்துப் பள்ளத்தில் கொட்டி நிரவியும் விட்டார்களாம். “ரிசல்ட் எப்ப சார் வரும்?” என்று கேட்டார்கள். அந்தத் துண்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் ஷீட் என்று. கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது? உடைக்கச் சொன்னவர்கள் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். எதை இடிப்பது, எப்போது பெயிண்ட் அடிப்பது என்பதெல்லாம் உங்கள் கூட்டத்தில் பேசப்படும் விஷயங்கள்.

இந்த ஷீட் பள்ளிக்கூடத்துக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அதற்குப் பிறகு கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தோம். பிரித்த இடத்தில் பல ஊர்களில் ஏறியது சிமெண்ட் ஷீட். தீப்பிடிக்காது, மலிவு, சீக்கிரம் போட்டுவிடலாம். அப்புறம் 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் இறந்தார்கள். பழுதான கட்டடங்களை எல்லா மாவட்டங்களிலும் இடிக்கத் தொடங்கினோம். இரண்டு அவசரமும் நியாயமானவை. ஆனால் பொறியாளர் வந்து பார்ப்பது, சுவர் நிற்குமா என்பதை. அதை இடித்தால் கிளம்பும் தூசியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் வருவதில்லை.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பெயர் வைத்தவர் கையில் எடுத்து உரித்துப் பார்த்திருப்பார் போல: கல்தான், ஆனால் நாராகப் பிரியும். ஷீட்டில் கல்நார் இருப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் சிமெண்ட். அந்த சிமெண்ட் இறுகப் பிடித்திருக்கும்வரை நார் பெரிதாக வெளியே வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் வரும். வெயிலும் மழையும் மேற்பரப்பை அரித்தாலும் வரும். லேபில் ஒரு துணுக்கைக் கண்ணாடித் துண்டில் வைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சுருட்டை முடி மாதிரி நெளிந்த இழைகள் தெரியும். ஒரு வாட்டத்தில் நீலம், திருப்பினால் கருஞ்சிவப்பு. பார்க்க அழகுதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூச்சோடு போனால் நுரையீரலின் அடிவரை இறங்கித் தங்கிவிடும். நோய் வருவது 20, 30, 40 வருடம் கழித்து. கல்நாரில் எல்லா வகையுமே புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே ஷீட் விற்க இன்னும் தடை இல்லை.

நான் பயமுறுத்தவில்லை. விரிசல் இல்லாத ஷீட்டின் கீழே உட்கார்ந்து பாடம் படிப்பதைவிட, அந்த ஷீட்டைச் சம்மட்டியால் உடைக்கும் அரை நாள்தான் மோசமானது.

இனி, என் பிழைப்புக்கு நானே வேட்டு வைக்கிறேன். பழைய நெளி ஷீட்டுக்கு லேப் சோதனை வேண்டாம். கல்நார் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். வகுப்பைப் பிரிக்கும் தடுப்புப் பலகை, ஃபால்ஸ் சீலிங், இவற்றில்தான் பார்வைக்குச் சொல்ல முடியாது, அவற்றை அனுப்புங்கள். பிள்ளைகள் இல்லாத நாளில், சோப்புத் தண்ணீரால் இடத்தை நன்றாக நனைத்து, ரூபாய் நாணயம் அளவு துண்டு எடுத்தால் போதும். கவருக்குள் கவர் போட்டு ஒட்டி, எந்த அறை, எந்த மூலை என்று மேலே எழுதுங்கள். துண்டு எடுத்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். லேபுக்கு இந்தச் சோதனைக்கே என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கியதை நீட்டுகிறவர்களும் உண்டு.

சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டிய இன்னொரு இடம் ஜன்னலும் கதவும். பழைய எனாமல் பெயிண்டில், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். குழந்தையின் மூளையைக் கெடுப்பது அது. இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோக பெயிண்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்பது சட்டம், அதாவது ஒரு கிலோ காய்ந்த பெயிண்டில் 90 மில்லிகிராம். அதற்கு முன் அடித்த பூச்சு புதுப் பூச்சின் கீழே அப்படியே இருக்கிறது. பெயிண்டர் வந்து காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது அது தூளாகி பெஞ்சில் இறங்கும். பெஞ்சிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. எனவே எல்லா அடுக்கும் வருகிற மாதிரி மரம் தெரியும்வரை ஒரு சிறு சதுரம் சுரண்டி அனுப்புங்கள். ஈயம் இருந்தால், நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று பெயிண்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பூசணத்துக்குச் சோதனையே வேண்டாம். சுவரில் கறுப்பாகத் தெரிகிறது, ஓதவாடை அடிக்கிறது, இதற்குமேல் லேப் என்ன சொல்லப்போகிறது? மாடியில் ஏறிப் பாருங்கள், தண்ணீர் இறங்கும் குழாயில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும். அதை எடுக்காமல் ஆண்டுவிழாவுக்காக மேலே வெள்ளையடிப்பது வீண்.

கடைசியாக ஒன்று. ஷீட்டைப் பிரிக்கும் வேலைக்கு ஆள் விடும்போது தீர்மான நோட்டில் இதையும் எழுதுங்கள்: ‘பிள்ளைகள் இல்லாத நாளில், ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாகக் கையால் இறக்க வேண்டும். உடைக்கவோ மேலிருந்து எறியவோ கூடாது. வேலையாட்களுக்கு மெல்லிய தூசியைத் தடுக்கும் மாஸ்க் தர வேண்டும். துணி மாஸ்க் போதாது. இறக்கியதைத் தடித்த பாலித்தீனில் சுற்றி, எங்கே கொண்டுபோவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேட்க வேண்டும்.’ கோழிக்கூட்டுக்கும் குளியலறை மறைப்புக்கும் இரண்டு ஷீட் கேட்டு ஊரில் யாராவது வருவார்கள். தெரிந்தவராகவும் இருப்பார். கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
லேபில் உங்கள் பார்சலைப் பிரிப்பவன்