கிராமப்புறங்களுக்கெனக் கட்டட விதிகளையும் தீப் பாதுகாப்பு விதிகளையும் திருத்தி எழுதக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராமப்புறக் குடியிருப்போர், விவசாயிகள், சிறுதொழில் செய்வோர்

பெறுநர்:
உள்ளாட்சி நிர்வாகத் தலைமை அலுவலர் அவர்கள்

பொருள்: கட்டட விதிகள், தீத்தடுப்பு விதிகள் ஆகியவற்றைக் கிராமப்புற நிலைமைக்கு ஏற்பத் திருத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். கட்டட விதிகளில் தீயைப் பற்றிச் சொல்லும் பக்கங்களைப் புரட்டினாலே, எழுதியவர்களின் மனதில் இருந்தது ஒரு நகரத் தெரு என்பது புரியும். தெருமுனையில் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய், கூப்பிட்ட சில நிமிடங்களில் தீயணைப்பு வண்டி, அந்த வண்டி திரும்புவதற்கு இடம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களுக்கும் அதே பக்கங்கள்தான் சட்டம்.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் இரண்டு அறைகளை அமைத்துத் தீ வைத்துச் சோதித்தது. பழைய காலத்து மரச் சாமான்களும் பருத்தித் துணிகளும் இருந்த அறை முழுதாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. இன்றைய நுரை மெத்தை, செயற்கை இழைத் துணிகள் இருந்த அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அதே நாட்டில் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களுக்கான தரநிலை, கிராமப்புறத்தில் ஆறு பேர் வந்து சேர 14 நிமிடம் தருகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அவ்வளவு நேரம் ஆகும் என்று ஒப்புக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆக, வண்டி வருவதற்குள் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட வேண்டும். தீ பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவாமல் இருக்க வேண்டும். விதி உறுதிசெய்ய வேண்டியது இந்த இரண்டையும்தான். படுக்கையறைக்கு வெளியே ஒரு புகை அலாரம், சாவி தேடாமல் உள்ளிருந்து திறக்கக்கூடிய இரண்டாவது வழி, அடுப்பங்கரைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே கூரை வரை எழுப்பிய சுவர். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. நகரத்தைவிட எங்களுக்குத்தான் இவை அதிகம் தேவை.

அடுத்தது தண்ணீர். எங்கள் பகுதியில் ஒரு கொட்டகை எரிந்தபோது தீயணைப்பு வண்டி வந்தது. தன்னிடமிருந்த தண்ணீரைச் சில நிமிடங்களில் பீய்ச்சி முடித்துவிட்டது. பத்தடி தள்ளி ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் வண்டியின் குழாயைப் பொருத்துவதற்கான வாய் அதில் இல்லை. இருந்ததெல்லாம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் சின்னக் குழாய்தான். வாளியால் மொண்டு ஊற்றினோம். வந்த வீரர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, எங்களோடு சேர்ந்து அவர்களும் வாளி தூக்கினார்கள். தொட்டி கட்டும்போதே ஒரு பொருத்து வாய் வைக்கச் சொல்லும் விதி இருந்திருந்தால் பாதிக் கொட்டகையாவது மிஞ்சியிருக்கும்.

இது நடைமுறைக்கு ஒத்துவராத கோரிக்கை இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், காட்டுத்தீ அபாயப் பகுதியில் குழாய்த் தண்ணீர் வசதி இல்லாத மனைகளுக்கு, மனையின் பரப்பைப் பொறுத்து 5,000, 10,000, 20,000 லிட்டர் என்று தீயணைப்புக்கான இருப்பு வைக்கச் சொல்கிறார்கள். தொட்டியில் 65 மில்லிமீட்டர் பொருத்து வாய் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. இங்கே எந்த அளவு என்பதைத் தீயணைப்புத் துறையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அளவைவிட முக்கியம், அந்த வட்டாரத்து வண்டிகளின் குழாய் எல்லாத் தொட்டியிலும் பொருந்த வேண்டும் என்பது. குளம், கிணறு இருக்கும் இடங்களில் வண்டி கரை வரை வந்து உறிஞ்சுவதற்கு ஒரு கெட்டியான மேடை போதும்.

பாதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வண்டி நுழையும் அகலம், மேலே தொங்கும் மின்கம்பிக்கும் கிளைகளுக்கும் கீழே போதிய உயரம், முட்டுச் சந்தில் திரும்ப இடம், சிறு பாலங்களின் முகப்பில் அது தாங்கும் எடை எழுதிய பலகை. இங்கிலாந்தின் வழிகாட்டி விதிகள் 20 மீட்டருக்கு மேல் நீளும் முட்டுச் சந்தில் திரும்ப இடம் கேட்கின்றன. நிறைந்த தண்ணீரோடு வரும் வண்டியை இருட்டில் பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும்.

நாங்கள் மிகவும் கவலைப்படுவது கொட்டகைகளைப் பற்றி. பல இடங்களில் விவசாயக் கட்டடங்களுக்கு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அது நியாயமான விலக்குதான். உர மூட்டை வைக்கும் ஷெட்டுக்கு வரைபடம் கேட்டால் எவரும் கட்ட மாட்டார்கள். சிக்கல் அப்புறம் வருகிறது. விலக்கில் எழும்பிய ஷெட், சில வருடங்களில் வெல்டிங் பட்டறை ஆகிறது. பிறகு தொழிலாளர் தங்கும் இடம். அப்புறம் விசேஷ நாட்களில் இருநூறு பேர் உட்காரும் மண்டபம். அப்போதும் அதற்கு ஒரே கதவு. மின்சாரமோ மோட்டாருக்காக இழுத்த பழைய இணைப்பு. ஏட்டில் மட்டும் இன்னமும் அது கொட்டகை. கட்டும்போது கேட்கப்படாத கேள்வியை, பயன்பாடு மாறும்போதாவது கேட்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. அது நகரத்தில் நடந்தது என்பது சரி. ஆனால் எளிதில் பற்றும் கூரை, அதன் அருகில் அடுப்பு, கீழே கூட்டம், குறுகிய வழி என்ற அதே சேர்க்கை இன்றைக்குக் கிராமக் கொட்டகைகளில்தான் அதிகம் தென்படுகிறது. ஆட்கள் கூடும் இடமாகவோ தூங்கும் இடமாகவோ ஒரு கட்டடம் மாறினால், விலக்கு அன்றோடு முடிகிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நகர விதியில் இடமே இல்லாத சில சங்கதிகளும் இருக்கின்றன. ஈரம் காயாமல் கட்டி அடுக்கிய வைக்கோல், தீப்பொறி எதுவும் இல்லாமலே உள்ளுக்குள் சூடேறி, நாட்கள் கழித்துத் தானே பற்றும். அதற்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி சொல்ல வேண்டும். சோலார் தகடுகள் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் வெயில் உள்ளவரை மின்சாரம் தந்துகொண்டுதான் இருக்கும். எனவே, வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு துண்டிப்பு சுவிட்சும், வாசலில் ஓர் அறிவிப்பும் தேவை.

காட்டை ஒட்டிய ஊர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். 2009 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்த பிறகுதான் காட்டுத்தீப் பகுதிக் கட்டடத் தரநிலையின் திருத்திய வடிவம் வெளிவந்தது. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரமும் சுற்றுப்புறமும் எரிந்து 85 பேர் இறந்தனர். அங்கே 2008-க்குப் பிறகு புதிய விதிப்படி கட்டிய வீடுகளில் ஏறக்குறைய பாதி தப்பின. அதற்கு முந்தைய வீடுகளில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. புதிய விதி கேட்டதில் பெரும்பகுதி சாதாரணமானது: எளிதில் பற்றாத கூரை, காற்றுத் துளைகளில் பறந்து வரும் தீக்கங்குகளைத் தடுக்கும் நெருக்கமான கம்பி வலை, அது போன்றவை.

இதைப் படித்துவிட்டு நகர விதி முழுவதையும் எங்கள் மேல் இன்னும் கண்டிப்பாகச் சுமத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். முடியாத விதியை எழுதினால் மக்கள் அனுமதி கேட்காமலே கட்டுவார்கள். அப்போது இன்றைக்கு நடக்கும் கொஞ்சநஞ்ச ஆய்வும் போய்விடும். பழைய வீடுகளுக்குப் புகை அலாரமும் பாதுகாப்பான மின் இணைப்பும் போதும், மற்றவை புதிதாகக் கட்டும்போதோ பெரிதாக்கும்போதோ வரட்டும். தானே கல் அடுக்கிக் கட்டுபவருக்கு, படத்தோடு நாலு பக்கத்தில் ஒரு கையேடு கொடுங்கள். தொட்டிக்கான பொருத்து வாயை உள்ளாட்சியே மொத்தமாக வாங்கித் தரலாம்.

ஆகவே, தீயணைப்புத் துறை, கட்டட ஆய்வாளர்கள், கொத்தனார்கள், மின்பணியாளர்கள், விவசாயிகள் ஆகியோர் அடங்கிய குழுவை அமைத்து, கிராமப்புறத்துக்கான தனிப் பிரிவின் வரைவை அடுத்த கட்டுமானப் பருவத்துக்குள் வெளியிடுமாறு வேண்டுகிறோம். அதன் மீதான கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தலைமை அலுவலகத்தில் அலுவல் நேரத்தில் வைத்தால் எங்களில் பலரால் வர முடியாது. வேலை முடிந்த மாலை நேரத்தில், ஊர்களிலேயே நடத்த உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள கிராமப்புறக் குடியிருப்போர்