பூவை விடு, இலையைப் பார்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய படம் பதினேழாம் நூற்றாண்டுச் சீன ஓவியர் பாடா ஷான்ரென் கறுப்பு மையால் வரைந்த தாமரை. "மை கொட்டின மாதிரிதானே இருக்கு சித்தப்பா" என்று கேட்டிருந்தாய். நீ எடுத்தவுடன் பூவைத் தேடியிருக்கிறாய், அதனால் வந்த வினை. இந்த வகைப் படத்தில் முதல் மரியாதை இலைக்குத்தான். பூ என்பது பெரும்பாலும் மை படாத வெள்ளைத் தாள். இதழின் விளிம்புக்கு மெல்லிய கோடு நாலைந்து, அவ்வளவுதான். பக்கத்தில் இலை கறுத்துக் கிடப்பதால் அது பூவாக எழுந்து நிற்கிறது.

சீனத்தில் எல்லோரும் இப்படித்தான் வரைந்தார்கள் என்று நினைத்துவிடாதே. தென் சோங் வம்சம் ஆண்ட காலத்து (12-13ஆம் நூற்றாண்டு) தாமரை ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டுத்துணியில் ஒரு சாண் அகலம், இளஞ்சிவப்பில் ஒரே பூ, இதழின் நரம்பு முதற்கொண்டு வரைந்திருக்கும். அழகுதான். ஆனால் எனக்கு அது சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

மை இலை அப்படியில்லை. இதற்குப் பயன்படுத்தும் சுவான் தாள் உறிஞ்சுதாள் மாதிரி. தூரிகை பட்டதும் மை ஊறிப் பரவும், அழிக்க வழியில்லை. பெரிய தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, நுனியில் மட்டும் அடர்ந்த மை தொட்டுப் படுக்கவைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் கறுப்பும் சாம்பலும் இறங்கும். அந்த ஈரம் காயுமுன் நரம்புகளைப் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் கசிந்தால்தான் இலைக்கு உயிர். காய்ந்தபின் போட்டால் ஒட்டவைத்தது போலிருக்கும். அப்புறம் தண்டு: கையை மேசையில் ஊன்றாமல் தோளிலிருந்து ஒரே கோடு. அதன்மேல் சிறு சிறு புள்ளிகள் தெரிகிறதா? தாமரைத் தண்டின் முள். பலர் அதைக் கவனிப்பதேயில்லை.

பாடா ஷான்ரென் 1626-இல், அப்போது சீனத்தை ஆண்ட மிங் அரச குலத்தில் பிறந்தவர். ஊர் நான்சாங். 1644-இல் மிங் ஆட்சி கவிழ்ந்தது. சில வருடங்களில் பிக்குவாகிவிட்டார். பிற்பாடு துறவையும் உதறிவிட்டு, படம் வரைந்து விற்றுப் பிழைத்தார். இழந்த நாட்டின் துயரத்தை அவருடைய ஒவ்வொரு வாடிய இலையிலும் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 1697-இல், எழுபது தாண்டியபின், அவர் வரைந்த தாமரைச் சுருள் ஓவியம் தியன்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 13 மீட்டர். வெறும் துயரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியுமா? தண்டுகள் நெருங்கி வருகின்றன, விலகுகின்றன, பாறை குறுக்கிடுகிறது, கடைசியில் அவரே எழுதிய நீண்ட கவிதை. ஒருவர் ஆசை தீர வரைந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

சேற்றில் முளைத்தும் கறைபடாத பூ என்று பதினோராம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் சோவ் துன்யி எழுதிவைத்துவிட்டார். சீனத் தாமரை என்றாலே அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். நீ அனுப்பிய பாடாவின் படத்தில் சேற்றைத் தேடிப்பார். தண்ணீரைக்கூடக் காணோம், வெறும் தாள்தான்.

சுருளைக் கணினியில் பார்ப்பதானால் வலப்பக்கத்திலிருந்து தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்து போ. மொத்தமாகச் சுருக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மை கொட்டியிருக்கிறது என்று எழுதாதே.

அன்புடன்,
சித்தப்பா