நரம்பு கரண்ட் கம்பி இல்லை, வள்ளி

அன்புள்ள வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது.

உன் ஆத்தாளுக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறாள். மரத்துப்போன உதடு சரியாவதற்குள் காபி கேட்டு அடம்பிடித்து, பாதியைச் சேலையில் வழியவிட்டாள்.

நரம்பு என்பது கரண்ட் கம்பிதானே என்று போனில் கேட்டாய். பிசியோதெரபி படிக்கிறவள் அப்படிச் சொல்லலாமா? சிக்ரி என்கிற காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் உப்புக் கரைசலும் வோல்ட் மீட்டருமாகக் காலம் தள்ளியவனுக்கு இதில் கொஞ்சம் வீம்பு உண்டு.

கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். நரம்பில் நகர்வது உப்பின் அயனிகள், அதாவது மின்னூட்டமுள்ள அணுக்கள். செல்லுக்கு வெளியே சோடியம் அயனி அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். அந்த ஏற்றத்தாழ்வைக் காக்க ஒரு பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கிறது. சும்மா இருக்கும்போது உள்பக்கம் வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்வு. தூண்டல் வந்து அந்தத் தாழ்வு 55 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைந்தால் போதும், சவ்விலுள்ள சோடியம் வாசல்கள் படபடவென்று திறந்துகொள்ளும். சோடியம் உள்ளே பாய, உள்பக்கம் நேர்மின்னாகும். ஓரிரு மில்லிவினாடியில் அந்த வாசல்கள் அடைபட்டு, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்பிவிடும். அதற்குள் பக்கத்து வாசல்கள் திறந்திருக்கும். அப்புறம் அதற்கடுத்தவை.

நம் வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படி வரை இழுத்த பழைய வயரில் கடைசி பல்பு மங்கித்தானே எரியும்? நரம்பில் அந்தக் கதையே இல்லை. வழி நெடுக சைகை புதிதாகப் பிறப்பதால், முதுகுத்தண்டில் புறப்பட்டது கால் வரை வலு குறையாமல் போய்ச் சேரும். மைலின் என்ற கொழுப்பு உறை உள்ள நரம்பில், உறை விட்டுவிட்டு வரும் இடைவெளிகளான ரான்வியர் கணுக்களில் மட்டும் பிறந்து தாவுவதால் வினாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். உறையில்லாத மெல்லிய வலி நரம்பில் 1 மீட்டர் போனாலே பெரிது. பணியாரச் சட்டி காலில் பட்டால் சுருக்கென்றது முதலில், எரிச்சல் ஆற அமரப் பிறகு வருகிறதே, அது இதனால்தான்.

ஆத்தாளுக்குப் போட்ட ஊசி அந்தச் சோடியம் வாசலைத்தான் அடைத்தது. பல் போன சேதி மூளைக்கு ஏறவே இல்லை.

இதையெல்லாம் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பில் அளந்தவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். கட்டுரைகள் வந்தது 1952-ல், நோபல் 1963-ல். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்போது கைக்குக் கிடைக்காமல், கையால் சுற்றும் கணக்கு மெஷினில் ஹக்ஸ்லி சமன்பாடுகளைப் போட்டுத் தீர்த்தார். நோபலைவிட எனக்கு இதுதான் பெரிது. லீவுக்கு வா, போட்டுக் காட்டுகிறேன்.

நரம்பின் நுனியில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அங்கிருந்து தசைக்குத் தாண்டுவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். சரி, அது உன் பாடம். அதை நீ எனக்கு எழுது.

அப்பச்சி
காரைக்குடி