ஆண்டறிக்கை: சனிக்கிழமை எழுத்து வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி பற்றிய புலம்பலும் அவர் பொறுப்பு. வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சொல்ல நிறைய இருப்பது பிள்ளைகளுக்கான சனிக்கிழமை எழுத்து வகுப்பைப் பற்றித்தான்.

ஆரம்பத்தில் எதை எழுதச் சொன்னாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு, நோட்ஸில் படித்ததை அப்படியே இறக்கி வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மார்க் அதற்குத்தானே விழுகிறது. அதனால் எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, கேள்வி கேட்க வைத்தோம். கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டியைவிடப் பழகிய பொருள் ஏது? ஆளுக்கொரு பெட்டியைக் கொடுத்து, தெரியாததை மட்டும் கேளுங்கள் என்றோம். குச்சியைச் சுவரில் உரசினால் ஏன் பற்றவில்லை, ஒரு ரூபாய்ப் பெட்டி ஏன் இரண்டு ரூபாய் ஆனது என்றெல்லாம் வந்தது. குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், இரண்டும் உரசினால்தான் தீ என்று அறிவியல் ஆசிரியர் விளக்கினார். விலை சங்கதிக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஆச்சிகளைப் பிடித்தார்கள். மெழுகும் அட்டையும் மருந்தும் விலையேறி, 14 வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் விலை கூடியது என்று பழைய பேப்பரிலும் தேடி எடுத்தார்கள். அன்றைக்கு எழுதிய எதிலும் முன்னுரை இல்லை.

அப்புறம் முன்மாதிரி. புறநானூறு 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி, குழந்தை சோறு உண்பதை "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்" என்று வினைகளாலேயே காட்டிவிடுகிறார், அழகு என்று ஒரு வார்த்தை கிடையாது. வரியை எடுக்காதீர்கள், வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஆட்டுக்குட்டியை "முட்டியும் நக்கியும் உதறியும் ஆச்சி சேலை நுனியை மென்றும்" என்று எழுதினாள். எனக்கு இந்த வருஷத்தின் நல்ல வரி அதுதான்.

கற்பனைக்கு இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜானி ரோடாரியின் விளையாட்டு: சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்துக் கதை பண்ணுவது. சீட்டில் கிணறும் குடையும் வந்த பையன், வெயிலில் வற்றிப்போகிறேன், ஒரு குடை தாருங்கள் என்று கிணறே ஊராட்சித் தலைவருக்கு எழுதும் மனுவாக்கிவிட்டான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி அச்சுப் பிசகாமல்!

எழுத்துப்பிழையைத் திருத்துவதில்லை என்று சில பெற்றோருக்கு வருத்தம். திருத்துகிறோம், ஆனால் இரண்டாம் பிரதியில். முதல் பிரதியிலேயே சிவப்பு மையோடு உட்கார்ந்தால் பிள்ளை தெரிந்த சொல்லை மட்டும்தான் எழுதும்.

இவற்றைக் கையெழுத்துப் பத்திரிகையாகக் கொண்டுவர நினைக்கிறோம். ஜெராக்ஸ் செலவுக்கும், கோடு போடாத நோட்டு வாங்கவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். சனிக்கிழமை கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் நல்லது, தமிழ் வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை.

செயலாளர்