அடக்கி வைத்த இருமல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. கொரோனாவில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

2020 மார்ச்சுக்குப் பிறகு காத்திருப்பு அறையில் யாருமே இருமவில்லை. ஒரு பெரியவர் முகக்கவசத்தின் மேல் கைக்குட்டையையும் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட அடக்குவார். இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவாராம்.

எங்களுக்கும் இருமல்தான் தலைவலி. சிடி ஸ்கேனில் தேய்த்த கண்ணாடி போல வெள்ளைப் படலம் தெரியும். வைரஸா, இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்மேல் ஏவிவிடும் சிகிச்சை) கிளப்பிவிட்ட அழற்சியா, கதிர்வீச்சின் விளைவா? படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அழற்சியென்றால் ஸ்டீராய்டைத் தாமதிக்கக் கூடாது. ஆக்சிஜன் தேவைப்படாத கொரோனா நோயாளிக்கோ அதனால் பயனில்லை, கெடுதலும் வரலாம். ஸ்வாப் முடிவு வரும்வரை தூக்கம் ஏது? நெகட்டிவ் என்று வந்தாலும் முழுசாக நம்ப முடியாது.

டெராவோல்ட் என்ற பன்னாட்டுப் பதிவேட்டில் கொரோனா தொற்று வந்த முதல் 200 நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் 66 பேர் இறந்திருந்தார்கள். படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கீமோ போன்ற சிகிச்சைகளால் சாவு கூடியதாக அதில் தெரியவில்லை. அந்தத் தெம்பில்தான் சிகிச்சையைத் தொடர்ந்தோம்.

ஸ்மால் செல் என்ற நுரையீரல் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பேச்சே இல்லை, அது வாரக்கணக்கில் வளர்ந்துவிடும். புற்றுநோய்க்கு மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்களைப் போனில் விசாரித்து, மருந்தை வீட்டுக்கே அனுப்பினோம். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் என்றிருந்ததை ஆறு வாரத்துக்கு ஒருமுறை 400 ஆக்கினோம். வருகை பாதியாகக் குறைந்தது. இதை முன்பே செய்திருக்கலாமே என்று தோன்றியது.

மனதைவிட்டுப் போகாதவர், வெகுநாள் வராமலே இருந்த ஒரு அம்மா. நான்கு மாதமாக இருமல். மூன்று தடவை ஸ்வாப் எடுத்து, கொரோனா இல்லை என்றதும் குடும்பமே நிம்மதியாகிவிட்டது. ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் வந்தபோது புற்றுநோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. “கொரோனா இல்லையே டாக்டர்” என்று அப்போதும் சொன்னார்.

அப்புறம், உன் அண்ணனுக்கு ஆறு வாரமாக இருமல், ‘சளிதான்’ என்று எழுதியிருந்தாயே. எக்ஸ்ரே எடுத்தாரா? இல்லையென்றால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போ. படத்தை எனக்கு அனுப்பு, ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்