சூர்ப்பணகைய அழ விடுங்க

நம்ம ஊர் திருவிழா கமிட்டி பெரியவங்களுக்கும் பங்குனிக்கு வந்து ராமாயணம் போடுற நாடக செட்டு வாத்தியாருக்கும் வணக்கம்.

சின்ன வயசுலேருந்து உங்க நாடகம் பாக்குறேன், சம்பா அறுத்த வயல்ல பாய் விரிச்சா தாள் முதுகுல குத்தும், ஆனாலும் விடியுற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம். எங்க அத்தை மட்டும் வருசா வருசம் சூர்ப்பணகை சீன் வந்ததும் கன்னுக்குட்டிய பிடிச்சு கட்டணும்னு எந்திரிச்சு போயிடும். இருபத்தஞ்சு வயசுல தாலி அறுத்தவங்க அது. ஏன் போகுதுன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல, ஏன்னா அந்த சீன்லதான் கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும், சூர்ப்பணகையா வேஷம் கட்டுற ஸ்த்ரீபார்ட் மூக்க பொத்திக்கிட்டு ஓட பபூன் பின்னாடியே போய் சளி சிந்துற மாதிரி காட்டுவாரு.

அப்புறம் ராமாயணத்தோட கடைசி பாகம் உத்தரகாண்டம் கதைய படிச்சப்பதான் தெரிஞ்சுது, சூர்ப்பணகையும் தாலி அறுத்தவதான். காலகேயர்கள்ங்கற அசுரர்களோட நடந்த சண்டையில ராவணன் அவ புருஷன் வித்யுஜ்ஜிஹ்வனையும் வெட்டிட்டான். கூடப்பொறந்த அண்ணன். அழுதுகிட்டு வந்து நின்னவள சமாதானப்படுத்தி, சகோதரன் முறையான கரனோட போய் தண்டகாரண்யக் காட்டுல இருன்னு அனுப்பி வச்சான், அவ்வளவுதான் அவளுக்கு கிடைச்ச நியாயம்.

அவ தப்பே பண்ணலன்னு நான் சொல்லவே இல்ல. சீதைய பிடிக்கப் போனா, அது தப்புதான், தடுக்கத்தான் வேணும். ஆனா வால்மீகில மூக்கும் காதும் போச்சு, நம்ம கம்பர் பாட்டுல மார்க்காம்பும் சேந்து போகுது. ஆசைப்பட்டு வந்து அடாவடி பண்ணினவளுக்கு சாகுற வரைக்கும் மூஞ்சியில சுமக்குற தண்டனையா? ராவணனுக்குக் கூட போர்க்களத்துல வீரனா சாவு கிடைச்சுது. மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்கு நடக்குற பாகவத மேளா நாடகத்த பாருங்க, இரணியன் பெத்த புள்ளையவே கொல்லப் பாத்தவன், அவன் வேஷத்துக்கு எவ்வளவு கம்பீரம் இருக்கு, அவன பாத்து யாராச்சும் சிரிக்கிறாங்களா?

கம்பர் நம்ம தேரழுந்தூர்க்காரர், குத்தாலத்துக்கு பக்கத்துலதான். அவரு அவள பஞ்சு மாதிரி பாதம் வச்சு நடந்து வர்ற அழகோட கொண்டு வந்தாரு, அறுபட்டதுக்கு அப்புறம் அவ மண்ணுல விழுந்து பொரண்டு மலைய தூக்கின அண்ணன் ராவணன கூப்பிடுறா, கரன கூப்பிடுறா, இந்திரஜித்த கூப்பிடுறா, பாட்டு மேல பாட்டா வச்சிருக்காரு. புருஷன கொன்ன அண்ணனையே கூப்பிட வேண்டிய கதி, அவளுக்கு வேற யாரு இருக்கா? அந்த இடத்த படிக்கும்போது எனக்கு தொண்டை அடைச்சுது. தாடகையும் இப்படித்தான், புருஷன் சுந்தன் அகத்தியர் கோவத்துல எரிஞ்சு போனதுக்கு அப்புறம்தான் அரக்கியானா, அத விடுங்க, அது தனிக்கதை.

கதைய மாத்துங்கன்னு கேக்கல. மூக்கறுக்கட்டும். அறுத்த உடனே பபூன மட்டும் மேடைக்கு அனுப்பாதீங்க. ஆர்மோனியக்காரர் முகாரி எடுக்கட்டும், ஸ்த்ரீபார்ட் போடுறவரு கம்பர் எழுதின அந்த அழுகையில நாலு பாட்டாச்சும் முழுசா பாடட்டும், அவரு குரலுக்கு அது அப்படி பொருந்தும், அவர போய் சளி சிந்த வச்சு வீணாக்குறீங்க. ராத்திரி ஒரு மணிக்கு அந்த வயல்ல அந்தப் பாட்டு கேட்டா புள்ளைங்க தூங்கிடும்னு பயப்படாதீங்க, கர்ணன் சாவுக்கு இதே புள்ளைங்க தேம்பித் தேம்பி அழுததுங்க.

பாட்ட பதம் பிரிச்சு பெரிய எழுத்துல எழுதி தை மாசத்துக்குள்ள கொண்டு வந்து தரேன், அன்னைக்கு ஆர்மோனியத்துக்கு ஆகுற செலவும் என்னோடது. அத்தைக்கு இப்ப முட்டி வலி, பாயில உக்கார முடியாது, முன்னாடி ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க.